மழையில் மலையேற ஒரு பை: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

ஜூலை மாதம் குதுரேமுக் ஏறப் போயிருந்தேன். கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில், 1,894 மீட்டர் உயரம். போய்த் திரும்ப ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடை, வழியெல்லாம் ஓடைகள். காலையில் பிடித்த மழை மாலையில் ஜீப் ஏறும்வரை விடவில்லை. முதுகில் இருந்த பை புதியது; 'வாட்டர்ப்ரூஃப்' என்று கொட்டை எழுத்தில் போட்டுத்தான் விற்றார்கள். பாதி வழியில் பை கனக்கத் தொடங்கியது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மேலே போய்த் திறந்தால், அடியில் ஒரு சொம்பு தண்ணீர் நிற்கிறது, அதில் சப்பாத்திப் பொட்டலம் மிதக்கிறது. ஜிப் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. துணி அவ்வளவு நல்ல வாட்டர்ப்ரூஃப்!

கடையில் பையில் தொங்கும் அட்டையையும் காட்டில் காலில் தொங்கும் அட்டையையும் ஒரே கண்ணோடு பார்க்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான்கைந்து பைகள் மாறிவிட்டன. இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: பை நனைந்தால் நனையட்டும், உள்ளே இருப்பதில் சில பொருட்கள் மட்டும் நனையக் கூடாது. இதை முதலில் ஏற்றுக்கொண்டால் பை லேசாகும், செலவும் குறையும்.

1. எந்த மழை, எத்தனை நாள்?

நம் பக்கத்தில் இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை, நீலகிரியின் மேற்குச் சரிவு, வயநாடு, குடகு, அங்கிருந்து மகாராஷ்டிரத்து சஹ்யாத்ரி மலை வரை அதன் ராஜ்ஜியம். அது காற்றோடு வரும், பக்கவாட்டில் அடிக்கும், நாள் முழுக்கப் பெய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது பக்கம் பெரும்பாலும் சில மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும். (புயல் சின்னம் உருவாகியிருந்தால் பையைப் பற்றி யோசிக்க வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்.) முதல் வகை மழைக்குத் தயாரான பை இரண்டாவதற்குத் தாராளமாகப் போதும். தலைகீழாகச் சரிவராது.

அப்புறம் நாள் கணக்கு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் உள்ளவை பெரும்பாலும் காலையில் ஏறி அன்றே இறங்கிவிடும் பாதைகள். அதற்கு 20 முதல் 25 லிட்டர் பை போதும். ஓர் இரவு, கூடாரம், தூங்கும் பை என்று போனால் 40 முதல் 45 லிட்டர். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 60 லிட்டர் வாங்காதீர்கள். காலி இடம் இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும்.

2. நனையவே கூடாதவை எவை?

பை வாங்கும் முன் கொண்டுபோகும் பொருட்களைத் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், நனைந்தால் பயணமே கெட்டுப்போகும் பொருட்கள்: தூங்கும் பை, இரவில் போடும் உலர்ந்த துணி ஒரு செட், போன், பவர் பேங்க், டார்ச், மருந்து, அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை. இரண்டாவது, நனைந்தால் எரிச்சல் தருபவை: சாப்பாடு, துண்டு, மாற்றுச் சட்டை. மூன்றாவது, எப்படியும் நனையப் போகிறவை: மழைக்கோட்டு, கூடாரத்தின் வெளித்துணி, செருப்பு, தண்ணீர்ப் பாட்டில்.

ஒரு நாள் நடைக்கு முதல் குவியல் ஒரு டிபன் பாக்ஸ் அளவுகூட வராது. இரவு தங்கினாலும் பையில் பாதியைத் தாண்டாது. அதாவது 40 லிட்டரையும் தண்ணீர் புகாமல் காக்க வேண்டியதில்லை.

உலர்ந்த துணிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். 1,500 மீட்டருக்கு மேல், நனைந்த உடம்பில் காற்று அடிக்கும்போது நம் மலைகளிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நடுக்கம் நிற்காது, நாக்கு குழறும். அந்த நேரத்தில் உலர்ந்த துணிதான் முதல் மருந்து. தூங்கும் பை இறகு வைத்ததாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நனைந்த இறகு உருண்டு ஒட்டிக்கொள்ளும், வெதுவெதுப்பு போய்விடும். மழைக்காலத்துக்குச் செயற்கை இழை வைத்த தூங்கும் பைதான் என் தேர்வு. கொஞ்சம் கனம்தான், ஆனால் ஈரம் பட்டாலும் ஓரளவு தாங்கும்.

3. முதுகை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து, இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் அவை சந்திக்கும் இடம் வரை தையல்காரர் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதுகு நீளம். உயரத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகு இருக்கலாம். பை நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த அளவை வைத்துத்தான் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிக்கின்றன.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்லாதீர்கள். ஏழெட்டுக் கிலோ போட்டு, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, அதன் பிறகு தோள்பட்டையை இழுத்து, பத்து நிமிடம் கடைக்குள் நடங்கள். பாரம் இடுப்பில் உட்கார வேண்டும். மழையில் இது இன்னும் முக்கியம். ஈரத் தோலில் சரியாக உட்காராத பட்டை உரசினால் மாலைக்குள் தோல் உரிந்துவிடும்.

எடையைப் பொறுத்தவரை, 40 லிட்டர் பை காலியாக ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. இரண்டு கிலோ என்றால் வேறு பாருங்கள். ஒரு நாள் பை 500 முதல் 700 கிராமுக்குள் கிடைக்கும். முதுகில் கம்பிச் சட்டம் இல்லாத பைகள்தான் மிகவும் லேசானவை. ஆனால் மொத்தச் சுமை எட்டொன்பது கிலோவைத் தாண்டினால் அவை முதுகில் உருண்டையாகத் தொங்கும், எடை முழுக்கத் தோளுக்கு வந்துவிடும்.

4. துணி

பை விவரத்தில் '210 டெனியர்', '70 டெனியர்' என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், கனம், உழைப்பு மூன்றும் கூடும். இதில் தண்ணீர் புகுமா என்பதற்குப் பதில் இல்லை. 1,000 டெனியர் துணியும் பூச்சு இல்லாவிட்டால் சாக்குதான்.

தண்ணீரைத் தடுப்பது உட்புறப் பூச்சு. அதன் பலத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத் தண்ணீர்த் தூண் நின்றால் மறுபக்கம் சொட்டு தெரிய ஆரம்பிக்கும் என்ற கணக்கு அது. 1,500 மில்லிமீட்டர் என்றால் சாதாரண மழையைத் தாங்கும். நாள் முழுக்க நனையும் பைக்கு 3,000க்கு மேல் இருந்தால் நல்லது. ஏனென்றால் பையில் மழை மட்டும் விழுவதில்லை. முதுகு அழுத்துகிறது, உள்ளே இருக்கும் பொருள் அழுத்துகிறது, ஈரத் தரையில் கீழே வைக்கிறோம். அழுத்தம் படும் இடத்தில்தான் முதலில் கசியும்.

கடைகளில் அதிகம் பார்ப்பது பாலியூரித்தேன் பூச்சு போட்ட நைலான் அல்லது பாலியஸ்டர். விலை நியாயம், உழைப்பும் பரவாயில்லை. ஆனால் இதற்கு நம் ஊர் காற்றே எதிரி. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் ரீதியாகவே சிதைகிறது. பரணில் சில வருடம் கிடந்த பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுப்பு, புளித்த வாடை, கையில் செதில் செதிலாக வெள்ளைத் தோல் உரிந்து வருவது எல்லாம் இதனால்தான். ஒருநாள்கூட மழையில் போகாத பைக்கும் இது நடக்கும்.

இருபுறமும் சிலிக்கான் ஏற்றிய நைலானுக்கு இந்தச் சிதைவு வராது, எடையும் குறைவு. ஆனால் வழவழப்பானது, அதன்மேல் ஒட்டுநாடா நிற்காது. அதனால் தையல்களை அதற்கென்று உள்ள சிலிக்கான் பசை தடவித்தான் அடைக்க வேண்டும்.

விலை உயர்ந்த ரகத்தில் டைனீமா கலவைத் துணி. பழைய பெயர் கியூபென் ஃபைபர். படகுப் பாய்க்காகச் செய்யப்பட்ட துணி இது. 1992இல் அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் போட்டியில் வென்ற 'அமெரிக்கா கியூப்ட்' படகிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது, எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட வலுவான இழை. ஆனால் மெல்லிய ரகங்கள் உரசலுக்குத் தாங்காது. ஈச்சம் புதரும் மூங்கில் முள்ளும் உள்ள நம் காட்டில் அது கவலைதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியோடு சேர்த்து 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மலையேறுகிறவருக்கு இது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, படகுக்காரர்கள் பயன்படுத்தும் தார்ப்பாய் மாதிரியான பை. தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டியது, ஆற்றில் போட்டாலும் உள்ளே ஒரு சொட்டு போகாது. ஆனால் கனம், முதுகில் காற்றோட்டம் இல்லை, பெரும்பாலானவற்றில் ஒழுங்கான இடுப்புப் பட்டையும் இல்லை. இரு சக்கர வண்டிக்கு அருமை, மலைக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் ஒரு நாள் நடைக்கும் ஓரிரவுக்கும் 100 முதல் 210 டெனியர் நைலான், உள்ளே நல்ல பூச்சு, அடியில் மட்டும் தடித்த துணி. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

5. தண்ணீர் உண்மையில் நுழையும் இடம்

துணியை விட்டுவிட்டுத் துளைகளைப் பாருங்கள். தையல் ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. பையை உள்ளே புரட்டிப் பாருங்கள். தையல் மேல் பளபளப்பான நாடா ஒட்டியிருந்தால் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் அநேகமாக நாடா இருக்காது. பாரம் இழுப்பதும் அங்கேதான், நீர் வடிவதும் அங்கேதான்.

அடுத்தது ஜிப். ரப்பர் பூசினாற்போல் வழவழவென்று இருக்கும் ஜிப்பைக் காட்டி, தண்ணீர் புகாது என்பார்கள். தூறலுக்குச் சரி. மணிக்கணக்கில் கொட்டும் மழையில் அதன் முனையில், இழுப்பான் நிற்கும் இடத்தில், நிச்சயம் கசியும். என் குதுரேமுக் தண்ணீர் அப்படி வந்ததுதான்.

அதனால் மழைப் பைக்கு வாய் சுருட்டி மூடுவதாக இருக்க வேண்டும். ரோல் டாப் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். காற்றை வெளியேற்றிவிட்டு, விளிம்பைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டி, பக்கிளை மாட்ட வேண்டும். இரண்டு சுற்றோடு நிறுத்தினால் பிரயோஜனமில்லை. பையை வாய் வரை திணித்துவிட்டால் சுருட்ட இடம் இருக்காது, ஆகவே வாங்கும்போதே ஐந்து லிட்டர் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள்.

யாரும் கவனிக்காத இன்னொன்று, பை தானே குடிக்கும் தண்ணீர். முதுகுப் பக்க ஸ்பாஞ்சு, தோள்பட்டை, தடித்த இடுப்புப் பட்டை எல்லாம் நனைந்தால் விடாது. என் பழைய பை ஒன்று காய்ந்தபோது 1.2 கிலோ, நனைத்து, சொட்டுவது நின்றபின் எடைபோட்டால் 1.7 கிலோ. அரைக் கிலோ தண்ணீரை உச்சிக்குச் சும்மா தூக்கிப் போயிருக்கிறேன்! மெத்தை மெத்தையாக இருக்கும் பையைக் கடையில் அமுக்கிப் பார்த்து மயங்காதீர்கள். மெல்லிய, நீர் உறிஞ்சாத அடர்ந்த ஃபோம் போதும். வெளிப்பாக்கெட்டுகள் வலையாக இருக்கட்டும், இல்லையென்றால் அடியில் வடிதுளை இருக்க வேண்டும்.

6. ரெயின் கவரை நம்பலாமா?

பாதி நம்பலாம். நேராக விழும் மழைக்கும் சேற்றுக்கும் நல்லது. ஆனால் அது முதுகுப் பக்கத்தை மூடாது. பிடரியிலிருந்து வழியும் தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி, அங்கிருந்து பைக்குள் போகும். வழிந்தது கவரின் அடியில் குட்டைபோல் தேங்கி, பை அதில் ஊறிக்கொண்டே வரும். அடியில் வடிதுளை உள்ள கவராகப் பாருங்கள், அல்லது சூடுபடுத்திய ஊசியால் நீங்களே ஒன்று போடுங்கள். மலைமுகட்டில் காற்று கவரைக் கழற்றிப் பள்ளத்தில் வீசிய கதை மழைக்கால நடைக்காரர் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். பையில் ஒரு கயிற்றால் முடிந்து வையுங்கள்.

7. உள்ளுறை: 100 ரூபாய் வைத்தியம்

பைக்குள் பெரிய உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் பொருளை அடுக்குவது. இவ்வளவுதான் விஷயம். மொத்த மளிகைக் கடையில் சர்க்கரை மூட்டைக்குள் போடும் தடித்த பாலித்தீன் உறை கிடைக்கும். 75 முதல் 100 மைக்ரான் தடிமன், 60க்கு 90 சென்டிமீட்டர் அளவு என்றால் 40 லிட்டர் பைக்குச் சரியாக இருக்கும். எடை 100 கிராமுக்குள். மெல்லிய குப்பைக் கவர் வேண்டாம், டப்பா மூலை பட்டாலே கிழியும்.

முதல் குவியலை உள்ளே அமுக்கி, காற்றைப் பிழிந்து, வாயை முறுக்கி, முறுக்கை மடக்கி ஒரு ரப்பர் பேண்ட். நல்ல உறைக்குள் இருப்பது, பை முழுக்க ஓடையில் விழுந்தாலும் சற்று நேரம் தாங்கும். மேலே சொன்ன விலையுயர்ந்த துணி எதுவும் இந்த உத்தரவாதம் தராது. அதற்குள்ளும் போன், பவர் பேங்க், மருந்துக்குத் தனியாக ஒரு சிறிய ஜிப் கவர்.

ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை. வனச் சோதனைச் சாவடிகளில் பையைத் திறக்கச் சொல்வார்கள். தடித்த உறையைப் பத்துப் பயணத்துக்கு வைத்திருக்கிறேன் என்று அங்கே நின்று வாதாடுவது சங்கடம். அப்படிப்பட்ட இடங்களுக்குச் சிலிக்கான் நைலானில் தைத்த டிரை பேக் (வாய் சுருட்டி மூடும், தண்ணீர் புகாத உறை) ஒன்றை வாங்கிவிடுங்கள். விலை கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் வரும்.

தண்ணீர்ப் பாட்டிலும் ஈர மழைக்கோட்டும் எப்போதும் உறைக்கு வெளியே. தண்ணீர்ப் பையை உள்ளே வைத்து அது கசிந்தால், வாட்டர்ப்ரூஃப் பை ஒரு குடமாகிவிடும்.

8. குளியலறைச் சோதனை

மலையில் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள். பைக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி நிரப்புங்கள். அடியில், முதுகுப் பக்கம், ஜிப் ஓரம் எல்லா இடத்திலும் தாள் படும்படி. மூடி, ஷவருக்குக் கீழே தொங்கவிட்டு 20 நிமிடம். நடுநடுவே திருப்பி, முதுகுப் பக்கத்தைக் கையால் அழுத்துங்கள். பிறகு துடைத்துவிட்டுத் திறந்தால், எந்தத் தாள் ஊறியிருக்கிறதோ அங்கே ஓட்டை. தையல் என்றால் பசை தடவலாம், ஜிப் என்றால் பையின் அந்த அறையில் நனையக் கூடாததை வைக்காதீர்கள். கையோடு, நனைந்த பையை லக்கேஜ் தராசில் மாட்டிப் பாருங்கள். எவ்வளவு தண்ணீரைக் குடித்தது என்று தெரியும்.

9. பாதையில்

பைக்குள் மழை போவதற்கு முக்கியக் காரணம் நாமேதான். மழையில் நின்றுகொண்டு கடலை மிட்டாய்க்காகப் பையை விரியத் திறப்போம். நடுவழியில் வேண்டியதெல்லாம் (தின்பண்டம், தொப்பி, அட்டைக்கு உப்பு, அனுமதிச் சீட்டின் நகல்) வெளிப்பாக்கெட்டில் இருக்கட்டும். பெரிய வாயைத் தங்குமிடம் வந்தபின் திறந்தால் போதும். திறக்கும்போது சுருட்டின மடிப்பில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது நேராக உள்ளே கொட்டும்.

ஓடையைக் கடக்கும் முன் இடுப்பு, மார்புப் பட்டைகளைக் கழற்றிவிடுங்கள். வழுக்கி விழுந்தால் பையை உடனே உதறிவிட வேண்டும். காற்று அடைத்த பை மிதக்கும், ஆளை இழுத்துக்கொண்டு போகும். முழங்காலுக்கு மேல் கலங்கல் தண்ணீர் ஓடினால் கடக்கவே வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை கீழே வந்துசேரச் சில நிமிடங்கள் போதும்.

பையைச் சருகுத் தரையில் போடாதீர்கள், பாறை மேல் வையுங்கள். வலைப்பாக்கெட்டில் ஏறிக்கொள்ளும் அட்டைகள் வண்டிக்குள் வந்துதான் இறங்கும். நிறம் பற்றி ஒரு வார்த்தை: மழைமூட்டத்தில் கருப்புப் பை பத்தடியில் மறைந்துவிடும். ஆரஞ்சோ மஞ்சளோ பாருங்கள்.

10. வீட்டுக்கு வந்தபின்

அன்று இரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், எல்லாப் பாக்கெட்டையும் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சேற்றைக் கையால், லேசான சோப்பில் கழுவினால் போதும். வாஷிங் மெஷின் பூச்சை உரித்துவிடும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள். ஸ்பாஞ்சு வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும். பரணும் கார் டிக்கியும் பைக்கு ஆகாது. அலமாரியில், மடிக்காமல், காற்றுப் பட மாட்டிவையுங்கள்.

குதுரேமுக் பையை நான் தூக்கி எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க அதைத்தான் கொண்டுபோகிறேன். ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு வண்டியில் சிந்தாது.